கடைத் தீவனமா, வீட்டுச் சமையலா? ஒரே பானையில் நாய்க்கும் பூனைக்கும் சமைக்கலாமா?

வால்நட்சத்திரம் (கேள்வி):

எங்கள் வீட்டில் ஒரு நாய், ஒரு பூனை. நாய் மிளகுக்கு 4 வயது, 12 கிலோ, எதை வைத்தாலும் தின்றுவிடும். பூனை சுந்தரிக்கு 2 வயது, 4 கிலோ, கருத்தடை செய்தாகிவிட்டது. எதை வைத்தாலும் முதலில் முகர்ந்துவிட்டு நம்மை ஏளனமாகப் பார்க்கும். இதுவரை இரண்டுக்கும் அததற்கென்று பாக்கெட்டில் வரும் உலர் உணவைத்தான் வைத்துவந்தேன்.

சமீபத்தில் என் நாத்தனார் வந்து தங்கினார். பாக்கெட்டின் பின்புறத்தைப் படித்துவிட்டு, "இறைச்சி உபபொருள்கள், சாம்பல் என்றெல்லாம் போட்டிருக்கிறதே, இதையா வாயில்லா ஜீவன்களுக்குப் போடுகிறாய்?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அவரே சமையலறைக்குள் நுழைந்து, கோழி நெஞ்சுக்கறியை வேகவைத்து, சோற்றையும் கேரட்டையும் சேர்த்துப் பிசைந்து மிளகுக்கு வைத்தார். அது தட்டைத் தரையோடு தள்ளிக்கொண்டே போய் நக்கியது. சுந்தரிக்கு அதே பானையிலிருந்து கறி மட்டும். அவளும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். நாத்தனார் ஊருக்குத் திரும்பிவிட்டார். பானை மட்டும் தினமும் அடுப்பில் ஏறுகிறது.

கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். "சமச்சீராக இருந்தால் எதுவானாலும் சரி" என்றார். அதற்குள் அடுத்த நாய் உள்ளே வந்துவிட்டது.

சமச்சீர் என்றால் என்ன? கோழி, சோறு, கேரட் போதாதா? இரண்டுக்கும் ஒரே பானை சரிவருமா? பாக்கெட்டில் எழுதியிருக்கும் அந்தச் சாம்பலும் உபபொருளும் உண்மையில் என்ன? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். விளம்பரம் வேண்டாம், வேதாந்தமும் வேண்டாம்.

பழையபாணி:

இதற்கெல்லாம் ஆராய்ச்சி வேண்டுமா? பாக்கெட் உணவு வருவதற்கு முன்னால் நாய்கள் பட்டினியா கிடந்தன? வீட்டில் மிஞ்சியதைத் தின்று, வாசலில் படுத்து, திருடனைக் கண்டால் குரைத்து, நன்றாகத்தான் இருந்தன. மனிதன் தின்னும் சோறும் கறியும் நாய்க்குப் போதாது என்பது தீவனம் விற்பவனின் பேச்சு. நீங்கள் போடுவது நெஞ்சுக்கறி. அது ராஜபோகம். நிம்மதியாக இருங்கள்.

தீவனக்கணக்கன்:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கால்நடை மருத்துவன் அல்ல. தீவனப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வருகிற மூட்டைகளில் மாதிரி எடுத்து, அரைத்து, எரித்து, கரைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். யார் சமைத்தார்கள் என்பதில் எனக்கு அக்கறை இல்லை. யாராவது கணக்குப் போட்டார்களா என்றுதான் கேட்பேன். உங்கள் பானைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஓரளவு ஓடியாடும் 12 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 720 கலோரி வேண்டும். வெந்த நெஞ்சுக்கறி 240 கிராம், சோறு 240 கிராம், கேரட் 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கலோரி சரியாக வந்துவிடுகிறது, புரதம் தாராளமாகவே இருக்கிறது. நாயும் ஆசையாகத் தின்கிறது. ஆகவே எல்லாம் சரி என்று தோன்றும்.

இப்போது கால்சியத்தைப் பாருங்கள். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கம் வைத்திருக்கும் அளவின்படி, வளர்ந்த நாய்க்கு ஒவ்வொரு 1,000 கலோரி உணவிலும் குறைந்தது 1.25 கிராம் கால்சியம் இருக்க வேண்டும். மிளகுக்கு அது நாளொன்றுக்கு 900 மில்லிகிராம். உங்கள் பானையில் கறியிலிருந்து சுமார் 36, சோற்றிலிருந்து 24, கேரட்டிலிருந்து 16. மொத்தம் 76 மில்லிகிராம். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பாஸ்பரஸோ 660 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ, அதிகபட்சம் இரண்டு மடங்காகவோ இருக்க வேண்டும் என்பது விதி. இங்கே பாஸ்பரஸ் ஒன்பது மடங்கு நிற்கிறது.

இப்படிப் போனால் உடல் என்ன செய்யும்? இரத்தத்தில் கால்சியம் குறைய விடாது. குறைந்தால் இதயமும் தசையும் தடுமாறும் என்பதால், கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி இரத்தத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும். அதனால் இரத்தப் பரிசோதனை செய்தாலும் கால்சியம் அழகாக, அளவோடு காட்டும். கரைவது எலும்பு. வளர்ந்த நாயில் இது வெளியே தெரிய நெடுங்காலம் ஆகும். குட்டி என்றால் சீக்கிரமே நொண்ட ஆரம்பிக்கும், சும்மா குதித்தாலே எலும்பு முறியும். "என் நாய்க்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று பலரும் சொல்வதற்கு இந்தத் தாமதம்தான் காரணம்.

முட்டை ஓட்டைக் காயவைத்து மாவாக அரைத்தால் அதில் 100க்கு 38 பங்கு கால்சியம். 2.2 கிராம் தூள் சேர்த்தால் இந்தப் பள்ளம் நிரம்பிவிடும். ஆனால் அந்த ஒரு பள்ளம் மட்டும்தான் நிரம்பும். துத்தநாகம் 14 மில்லிகிராம் வேண்டிய இடத்தில் உங்கள் பானையில் 4கூட இல்லை. அயோடின் ஏறக்குறைய கிடையாது. வைட்டமின் டி கிடையாது என்றே சொல்லலாம். வெயிலில் படுத்தால் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள், நாய், பூனைகளின் தோல் நம் தோலைப்போல் வெயிலிலிருந்து வேண்டிய அளவு வைட்டமின் டியைத் தயாரிப்பதில்லை. உணவில் வந்தால்தான் உண்டு. வைட்டமின் ஈ, செம்பு, கோலின் என்று பட்டியல் இன்னும் நீளும், நான் நிறுத்திக்கொள்கிறேன்.

உங்கள் பானையை மட்டும் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள், புத்தகங்களிலும் இணையத்திலும் இருக்கும் 200 நாய் உணவுச் செய்முறைகளை எடுத்துக் கணக்குப் போட்டு, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு சத்தாவது குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இருந்தது. பெரும்பாலானவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட குறை. தேறிய 9 செய்முறைகளில் 8ஐ எழுதியவர்கள் கால்நடை மருத்துவர்கள். "விதவிதமாக மாற்றி மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்" என்ற நம்பிக்கைக்கும் அதே ஆய்வில் அடி விழுந்தது. எல்லாச் செய்முறையிலும் ஒரே சத்து குறைந்தால் மாற்றிப் போட்டு என்ன பயன்?

அடுத்து, உங்கள் நாத்தனாரின் சாம்பல். தீவனத்தில் யாரும் சாம்பலை அள்ளிப் போடுவதில்லை. மாதிரியை ஏறத்தாழ 550 டிகிரி உலையில் வைத்து எரித்தால் கொழுப்பும் புரதமும் மாவும் போய், எரியாத தாது உப்புகள் மட்டும் எரிக்கும் கிண்ணமான மூசையின் அடியில் வெள்ளையாக மிஞ்சும். அதை நிறுத்து எழுதும் எண்தான் அது. கோழி நெஞ்சுக்கறியை எரித்தாலும் சாம்பல் வரும், என்னை எரித்தாலும் வரும். உபபொருள் என்பது ஈரல், சிறுநீரகம், நுரையீரல், மண்ணீரல் போன்றவை. காட்டில் வேட்டையாடும் விலங்கு முதலில் தின்பது பெரும்பாலும் இவற்றைத்தான். தரத்தில் ஏற்றத்தாழ்வு உண்டு, மறுக்கவில்லை. அந்தச் சொல்லைப் பார்த்த உடனே பாக்கெட்டைத் தூக்கி எறிவதற்கு அதில் ஒன்றுமில்லை.

"முதல் மூலப்பொருள் கோழி" என்பதைப் பெருமையாக அச்சடிப்பார்கள். பட்டியல் எடை வரிசையில் இருக்கும், பச்சைக் கறியில் முக்கால் பங்கு தண்ணீர். தண்ணீரோடு நிறுத்தால் யார்தான் முதலிடம் வரமாட்டார்கள்? பாக்கெட்டில் நீங்கள் தேட வேண்டியது வேறு. "முழுமையான, சமச்சீரான உணவு" என்ற வாசகமும், அது எந்தப் பருவத்துக்கு, குட்டிக்கா, வளர்ந்ததற்கா, எல்லாப் பருவத்துக்குமா என்ற விவரமும். "துணை உணவு", "இடையிடையே கொடுக்க" என்று இருந்தால் அதை மட்டும் வைத்து வளர்க்கக் கூடாது. பளபளப்பான பல டின்கள் இந்த வகை, எழுத்து மட்டும் எறும்பு அளவில் இருக்கும்.

இத்தனை சொல்வதால் நான் கம்பெனிக்காரர்களின் ஆள் என்று பழையபாணி நினைப்பார். கேளுங்கள். 2007இல் வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் பழுதாகிச் செத்தன. கோதுமைப் புரதம் என்று வாங்கிய மாவில், பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் மெலமைன் என்ற வேதிப்பொருளைக் கலந்திருந்தார்கள். ஏன் மெலமைன்? நாங்கள் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. அதில் இருக்கும் நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறோம். மெலமைனில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். மாவில் கொஞ்சம் தூவினால் சோதனையில் புரதம் எகிறும். எங்கள் சோதனையின் ஓட்டையை நன்றாகத் தெரிந்த ஒருவன் செய்த வேலை அது. பாக்கெட்டில் இருக்கும் "கச்சாப் புரதம்" என்ற எண்ணை அதற்குமேல் நான் பக்தியோடு பார்ப்பதில்லை.

நடுநிசிப்பூனை:

ஐயா நாய்க்குக் கணக்குப் போட்டுவிட்டார். சுந்தரியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள், வழக்கம்போல. கைவிடப்பட்ட பூனைகளை எடுத்துத் தேற்றி நல்ல வீடுகளுக்கு அனுப்புகிறவள் நான். "நாய்க்குப் போடுவதையே போட்டோம்" என்ற வாக்கியத்தோடு வரும் பூனைகளை நிறையப் பார்த்துவிட்டேன். ஆகவே ஒரே பானைக் கேள்விக்கு என் பதில்: முடியாது.

நாய் மனிதனோடு சேர்ந்து சோறு தின்னப் பழகிய பிராணி. அதன் மரபணுவிலேயே அது பதிந்திருக்கிறது. மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் மரபணு ஓநாயிடம் 2 பிரதிகள், நாயிடம் 4 முதல் 30 வரை என்று 2013இல் கண்டறிந்தார்கள். பூனை அந்தப் பக்கமே போகவில்லை. உடம்பை இறைச்சிக்கென்றே வைத்துக்கொண்டிருக்கிறது. நாம் உடலுக்குள்ளேயே தயாரித்துக்கொள்ளும் பலவற்றை அது தயாரிப்பதில்லை. எலியில் ஆயத்தமாகக் கிடைக்கும்போது எதற்கு மெனக்கெட வேண்டும் என்று விட்டுவிட்டதுபோல.

இறைச்சியில் இருக்கும் டாரின் என்ற அமினோ அமிலம் அவற்றில் ஒன்று. அது குறைந்தால் பூனையின் விழித்திரை அழியும் என்பது 1975இலேயே தெரிந்துவிட்டது. இதயம் பெருத்துத் துவண்டுபோவதற்கும் அதுவே காரணம் என்று டேவிஸில் பால் பியன் குழுவினர் 1987இல் காட்டினார்கள். அந்தப் பூனைகள் தின்றது கடைத் தீவனம், நல்ல பெயருள்ள வகைகளும் அதில் அடக்கம். டாரின் கொடுத்ததும் இதயம் தேறியது. அதன் பிறகு எல்லாத் தயாரிப்பாளர்களும் அளவைக் கூட்டினார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: கடைத் தீவனத்தில் ஒரு குறை வந்தபோது ஆயிரக்கணக்கான பூனைகளுக்கு ஒரே நோய் வந்தது, யாரோ கவனித்தார்கள், திருத்தினார்கள். உங்கள் பானையில் குறை வந்தால் சுந்தரி ஒருத்திக்குத்தான் வரும். யார் கவனிப்பார்கள்?

டாரின் தண்ணீரில் கரையும். கறியை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் டாரினும் சாக்கடைக்குப் போகும். அதிலும் நெஞ்சுக்கறியில் டாரின் குறைவு, தொடைக்கறியிலும் இதயத்திலும் கூடுதல். நீங்கள் விலை உயர்ந்த துண்டைப் பார்த்து எடுத்தீர்கள், பூனைக்கு அது ஏழைத் துண்டு.

கேரட்டும் அப்படித்தான். நாய் கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். பூனைக்கு அந்த வித்தை தெரியாது. வைட்டமின் ஏ ஆகவே வர வேண்டும், அதாவது ஈரல் போன்றவற்றிலிருந்து. உடனே தினமும் ஈரல் போட ஆரம்பித்துவிடாதீர்கள். ஈரலை மட்டுமே தின்று வளர்ந்த ஒரு பூனையை நான் வாங்கியிருக்கிறேன். கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், தலையைத் திருப்பி முதுகை நக்க முடியாமல் முழு உடம்போடு திரும்பிப் பார்க்கும். வைட்டமின் ஏ அதிகமானால் வருவது அது. பச்சை மீன் மட்டுமே போடும் வீடுகளும் உண்டு. பல மீன்களில் தயாமினை, அதாவது வைட்டமின் பி1ஐ, அழிக்கும் நொதி இருக்கிறது. தயாமின் குறைந்த பூனைக்குத் தலை மார்பை நோக்கித் தொங்கிவிடும், பிறகு வலிப்பு. சமைத்தால் அந்த நொதி அழியும் என்பது உண்மை. ஆனால் மீனே முழு உணவு ஆகிவிடாது.

பூனைக்கான வீட்டுச் சமையல் செய்முறைகளையும் 2019இல் ஆராய்ந்தார்கள். கணக்குப் போடும் அளவுக்கு விவரம் இருந்தவை 94. எல்லாச் சத்தும் போதுமான அளவில் இருந்த செய்முறை ஒன்றுகூட இல்லை.

பாக்கெட் பக்கமும் ஒரு குறை சொல்ல வேண்டும். உலர் உணவில் ஈரம் 10 சதவீதம்தான், டின்னில் 75க்கு மேல். பூனை இயல்பிலேயே குறைவாகத் தண்ணீர் குடிக்கும். உலர் உணவை நாள் முழுவதும் கிண்ணத்தில் நிரப்பி வைத்தால் கருத்தடை செய்த பூனை தலையணையாக ஊதும். ஒரு வேளையாவது ஈர உணவு கொடுங்கள். முக்கியமாக, "பசித்தால் தானே தின்னும்" என்று சுந்தரியைப் பட்டினி போட்டு உணவை மாற்றாதீர்கள். சில நாட்கள் தின்னாவிட்டாலே பூனையின் ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகும், குண்டுப் பூனைக்கு இன்னும் சீக்கிரம். பழையதோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

யாராவது வந்து பச்சைக் கறி போடச் சொல்வதற்கு முன்னால்: 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகனில், உறைய வைத்த பச்சை இறைச்சித் தீவனம் தின்ற வீட்டுப் பூனை எச்5என்1 பறவைக் காய்ச்சலில் இறந்தது. பூனையிலும் தீவனத்திலும் இருந்தது ஒரே வைரஸ் என்று உறுதி செய்தார்கள். பச்சைக் கறியில் வரும் சால்மோனெல்லா பாக்டீரியா தனிக் கதை.

கொதிகலன்:

நான் வீட்டில் சமைத்துப் போடும் கட்சி. ஆனாலும் மேலே இருக்கும் இருவரோடும் எனக்குச் சண்டை இல்லை.

எங்கள் நாய்க்கு நாள்பட்ட குடல் அழற்சி. மருத்துவர் எழுதிக் கொடுத்த சிறப்புத் தீவனங்களும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் கால்நடை ஊட்டச்சத்து நிபுணர் ஒருவரிடம் போனோம். அவர் எங்கள் நாயின் எடை, நோய், மருந்து எல்லாம் கேட்டு ஒரு செய்முறை எழுதிக் கொடுத்தார். படித்தபோது சமையல் குறிப்பு போலவே இல்லை, மருந்துச்சீட்டு போல இருந்தது. ஒவ்வொரு பொருளும் கிராமில். வேகவைத்த பின் நிறுப்பதா, முன்பா என்பதுகூட இருந்தது. வைட்டமின்–தாது உப்புக் கலவை என்று ஒரு தூள். அதை உணவு ஆறிய பிறகுதான் சேர்க்க வேண்டும், சூட்டில் சில வைட்டமின்கள் கெடும்.

சமைப்பது சிரமமில்லை. மொத்தமாகச் சமைத்து, பங்கு போட்டு, உறைய வைத்துவிடுகிறேன். சிரமம் எங்கே என்றால், வீட்டில் இருப்பவர்களின் நல்ல மனதில்தான். சோள எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று என் கணவர் தேங்காய் எண்ணெயை ஊற்றினார். "எண்ணெய் எண்ணெய்தானே?" செய்முறையில் சோள எண்ணெய் இருப்பது லினோலியிக் அமிலம் என்ற அவசியமான கொழுப்புச் சத்துக்காக. தேங்காய் எண்ணெயில் அது மிகச் சொற்பம். என் மாமியாருக்கு அந்தத் தூளின் வாசனை பிடிக்காது, "பாவம், இதை ஏன் சோற்றில் போட்டுக் கெடுக்கிறாய்" என்று பாதியாகக் குறைத்துவிடுவார். என் மகன் ஒரு நாள் சாதாரண சூப் கட்டியைக் கரைத்து ஊற்றப் போனான். அதில் வெங்காயத் தூள், பூண்டுத் தூள் இரண்டும் இருந்தன. இரண்டும் நாய் பூனைகளின் சிவப்பணுக்களை உடைப்பவை. பூனைக்கு இன்னும் மோசம். இப்போது செய்முறையைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, கீழே "இதில் யாரும் கருணை காட்டக் கூடாது" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடை, இரத்தம், சிறுநீர் பரிசோதித்துச் செய்முறையைத் திருத்துகிறார்கள். இவ்வளவும் செய்ய உங்களுக்கு மனமும் காரணமும் இருந்தால் தாராளமாகச் சமையுங்கள். ஆரோக்கியமான நாய்க்கு, நாத்தனார் கேட்டாரே என்பதற்காக மட்டும் என்றால், நானாக இருந்தால் செய்யமாட்டேன்.

பழையபாணி:

எல்லாம் சரி. அப்படியானால் அந்தக் காலத்து நாய்களுக்குக் கால்சியம் எங்கிருந்து வந்தது? ஆகாயத்திலிருந்தா? அதற்குப் பதில் சொல்லுங்கள் கணக்கரே.

தீவனக்கணக்கன்:

நல்ல கேள்வி. எலும்பிலிருந்து வந்தது. அந்த நாய்க்கு யாரும் நெஞ்சுக்கறி போடவில்லை. தலை, குடல், கால், எலும்பு, வீட்டுக்காரர் வேண்டாம் என்று எறிந்த எல்லாம் அதற்குத்தான். மீதியை அது தெருவில் தேடிக்கொண்டது, எலி பிடித்தது. மிளகு வீட்டுக்குள் இருக்கிறது, வைத்ததைத்தான் தின்ன முடியும். அந்தக் காலத்து நாய்களில் எத்தனை குட்டியிலேயே போயின என்று யாரும் எழுதி வைக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நன்றாக இருந்தவை மட்டும்தான் நம் நினைவில் வாசலில் படுத்திருக்கின்றன.

உடனே சமைத்த எலும்பைப் போட்டுவிடாதீர்கள். வெந்த எலும்பு கூராகச் சிதறும், குடலைக் கிழிக்கும்.

பழையபாணி:

எலும்பு விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். மற்றதை ஏற்கவில்லை.

வால்நட்சத்திரம்:

எல்லோருக்கும் நன்றி. 76 மில்லிகிராம் என்ற எண்ணைப் பார்த்ததிலிருந்து பானையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நாத்தனாருக்கு இந்தப் பக்கத்தை அனுப்பிவிட்டேன். "சாம்பல் விளக்கம் சரி, மற்றது யோசிக்கிறேன்" என்றார். அவரிடமிருந்து இதுவே பெரிது.

இரண்டு சந்தேகம் மீதி இருக்கிறது. பாதி பாக்கெட், பாதி வீட்டுச் சாப்பாடு என்று கலந்தால் சரியாகிவிடாதா? மிளகு அந்தக் கறியின் மேல் உயிரையே வைத்திருக்கிறது. இன்னொன்று, கடையில் "தானியம் இல்லாதது" என்று ஒரு வகையைப் பரிந்துரைத்தார்கள். பட்டாணியும் பருப்பும் சேர்த்ததாம். அது மேலானதா?

தீவனக்கணக்கன்:

பாதிக்குப் பாதி கலப்பதைப் பற்றி: பல உலர் உணவுகளில் கால்சியம் குறைந்தபட்சத்தைவிட நன்றாகவே கூடுதலாக இருக்கும். ஆகவே பாதி போட்டாலும் கால்சியம் தப்பிக்கக்கூடும். துத்தநாகம், அயோடின், வைட்டமின்கள் தப்பிக்குமா என்பது அந்தந்தப் பாக்கெட்டில் எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கம்பெனிக்கு மட்டும்தான் தெரியும். மிளகுக்கு ஒரு நாள் கலோரியில் 10 சதவீதம் வரை கறியாகக் கொடுங்கள். அதற்குள் இருந்தால் சமநிலை கெடாது என்பது மருத்துவர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட எல்லை. 720இல் 72 கலோரி, அதாவது வெந்த நெஞ்சுக்கறி 40 கிராமுக்குச் சற்று மேல். பிஸ்கட், நக்குவதற்குக் கொடுக்கும் நெய், குழந்தைகள் மேசைக்கடியில் நழுவ விடுவது எல்லாம் அந்த 72க்குள்ளேயே அடங்க வேண்டும். கறி சேர்க்கும் அளவுக்கு உலர் உணவைக் குறையுங்கள், இல்லாவிட்டால் எடை ஏறும். சுந்தரிக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 200 கலோரிச் சொச்சம். அவளுக்கு 12 கிராம் கறி போதும்.

தானியம் இல்லாதது மேலானது என்பதற்கு ஆதாரம் கிடையாது. தானிய ஒவ்வாமை உள்ள நாய்கள் உண்டு, ஆனால் மாட்டிறைச்சி, பால் பொருள், கோழி ஒவ்வாமைதான் அதைவிட அதிகம். பட்டாணி, பருப்பு வகைகள் மிகுதியாக உள்ள அத்தகைய தீவனங்களைத் தின்ற நாய்களுக்கு இதயத் தசை நோய் வருவதாகப் புகார்கள் வந்ததால், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018இல் விசாரணை தொடங்கியது. காரணம் இதுதான் என்று நிரூபிக்கவில்லை, 2022 இறுதியில், புதிய அறிவியல் தகவல் வந்தால் பேசுகிறோம் என்று அறிக்கை வெளியிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். மிளகுக்குத் தானியத்தால் ஒரு தொந்தரவும் இல்லாதபோது இந்த வம்பை ஏன் விலைக்கு வாங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் அதில் இருக்கும் முகவரிக்கு எழுதிக் கேளுங்கள்: உணவை வடிவமைத்தவர் யார், அவர் என்ன படித்திருக்கிறார்? விலங்குகளுக்குக் கொடுத்துச் சோதித்தீர்களா, கணக்கு மட்டுமா? 1,000 கலோரிக்குக் கால்சியம், பாஸ்பரஸ், துத்தநாகம் எவ்வளவு? எண்களோடு பதில் எழுதுகிறவர்களிடம் வாங்குங்கள். ஓடியாடும் நாயின் படம் போட்ட அட்டையை அனுப்பினால் வேறு கம்பெனியைப் பாருங்கள்.

வால்நட்சத்திரம்:

மூன்று கம்பெனிகளுக்கு எழுதினேன். ஒன்று கேட்ட எண்களை அப்படியே அட்டவணையாக அனுப்பியது. இன்னொன்று, "எங்கள் உணவு அன்பால் ஆனது" என்று எழுதியது. மூன்றாவது இன்னும் வாயைத் திறக்கவில்லை. முதலாவதையே மிளகுக்கு எடுத்துக்கொள்கிறேன், மேலே 40 கிராம் கறி. சுந்தரிக்குக் காலையில் உலர் உணவு, இரவில் டின். வாசகத்தைப் படித்துத்தான் வாங்கினேன், கடையில் எடுத்த முதல் இரண்டு டின்களும் துணை உணவு.

உலர் உணவோடு கம்பெனி கொடுத்த அளவுக் கோப்பை ஒன்று இருக்கிறது. அதிலேயே அளந்து போட்டால் போதும்தானே?

தீவனக்கணக்கன்:

போதாது. நீங்கள் அள்ளுவது ஒரு அளவு, உங்கள் வீட்டுக்காரர் அள்ளுவது குவியலாக இன்னொரு அளவு. சமையல் தராசில் கிராமாக நிறுத்துப் போடுங்கள். ஒரு மாதம் கழித்து மிளகையும் நிறுத்துப் பாருங்கள்.

நடுநிசிப்பூனை:

சுந்தரியையும்.